நர்ஸ் வேலைக்குத் தேர்வான மீசைக்காரர்

பதுளையில் நான் நெட் கபே நடத்தியபோது, நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர் ஒருவர் வருவார். அவரோடு பச்சைக் கொழுந்து வாசனையும் கடைக்குள் ஏறும். மின்னஞ்சலுக்கு என்னைப் பதில் எழுதச் சொல்லும் முன் தன் பெரிய மீசையைச் சீப்பால் வாரிக்கொள்வார்.

"உங்கள் தாதி அனுபவம் எங்களைக் கவர்ந்தது, வெளிநாட்டில் வேலை தயார்" என்று யாரோ அவருக்கு ஓயாமல் மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

"இது குப்பை மெயில்ண்ணே, அழிச்சிடுறேன்" என்றேன்.

"வேலைக்குக் கூப்பிடுற மனுசனுக்குப் பதில் சொல்லாம விடலாமா? நான் டிரைவர், எம் மகதான் நர்சுக்குப் படிச்சிட்டு லயத்து வீட்டுல சும்மா இருக்குன்னு எழுதுங்க தம்பி."

எரிச்சலோடு எழுதினேன். மறுவாரம் பதில் வந்தது: "அன்புச் சகோதரியே, தாங்கள் தேர்வாகிவிட்டீர்கள்."

"அண்ணே, இத அனுப்புறது மனுசனே இல்ல, மெசின்!" என்று கத்தினேன்.

அவர் சீப்பை எடுத்தார். "மெசின்னா ஓட்டுறவன் ஒருத்தன் இருப்பான்ல. மறுபடி எழுதுங்க."

அந்த ஒருத்தனைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க.