எதிரணியில் என் கணவர்

எங்கள் குடியிருப்பில் பொங்கல் என்றால் பட்டிமன்றம் உண்டு. இந்த முறை தலைப்பு, திரைப்பாடல்களில் கவிதை மிகுந்திருந்தது அன்றா, இன்றா என்பது. தமிழ்நாட்டில் இதைப் பேசாத மேடை ஏதாவது பாக்கி இருக்கிறதா, யாருக்கும் அலுக்கவே அலுக்காதா என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதே, குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்னை 'இன்று' அணியிலும் என் கணவரை 'அன்று' அணியிலும் போட்டுவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்றால்தான் கூட்டம் சிரிக்குமாம்.

சிரிக்கிற நிலைமையிலா இருந்தோம்? மகள் வேலை கிடைத்து பெங்களூர் போனதிலிருந்து வீட்டில் பேச்சே நின்றுபோயிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. சாயங்காலம் பூந்தமல்லி பஸ்ஸில் நின்றபடியே வந்து, மெட்ரோ தூண்களுக்கு நடுவில் ஊர்ந்து, வாயெல்லாம் மண்ணோடு வீடு சேருவேன். அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். கம்பெனி பஸ் அவரை இறக்கிவிடும்போது பாதித் தூக்கத்தில் இருப்பார். பால் வாங்கியாச்சா, கேஸ் சொல்லியாச்சா, துணி எடுத்தாச்சா. அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது. மிச்ச வாழ்க்கையும் இப்படியே போய்விடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது.

பட்டிமன்றம் வந்ததால் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது. யார் எந்தப் பாட்டை எடுக்கிறோம் என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். அவர் போனில் பழைய காதல் பாட்டு ஒன்றை எடுத்துவைத்து ரசித்து ரசித்துப் பாடத் தொடங்கினார்.

"பாடக் கூடாது. மெட்டு இல்லாம படிங்க. அப்பவும் நின்னாத்தான் கவிதை" என்றேன்.

அவரால் முடியவில்லை. இரண்டாவது வரியிலேயே ராகம் அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு மூன்று தடவை தோற்றுப்போனபின், நெமிலிச்சேரி ஸ்டேஷனில் ரயில் வருவதை அறிவிக்கிற குரலை வரவழைத்துக்கொண்டு பல்லவி முழுவதையும் படித்து முடித்தார். அந்த ஸ்டேஷன் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், குரல் அச்சாக வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

"நிலா, தாமரை, மான், மீன் எல்லாம் இருக்கு. பொண்ணு எங்க? இதை யாரைப் பார்த்து வேணா பாடலாமே" என்றேன்.

"உன்னுது மட்டும் இன்னாவாம்? ஒரே வார்த்தைய நாலு வாட்டி சொல்லிக்கினு கீறான். அது கவிதையா?"

நான் சமீபத்துப் பாட்டு ஒன்றைப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொண்டு போனவளைத் தேடி வருகிறவன், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறான். உவமை கிடையாது, அலங்காரம் கிடையாது. ஆனால் அவன் கேட்பது அவள் ஒருத்தியைத்தான், அந்த வரியை வேறு பெண்ணுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்றேன். அவர் அந்த வரியைத் தானே ஒரு முறை படித்துப் பார்த்தார். "இது நல்லாத்தான் கீது" என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மனுஷன் விடவில்லை. மறுநாள் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே வேறொரு பாட்டோடு வாதத்துக்கு நின்றார்.

பொங்கல் வரைக்கும் இதே கதைதான். எனக்கு இடுப்பு வலி, அவருக்குக் கண் எரிச்சல், இருந்தும் பேசினோம். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சரணத்தில் சந்தம் எங்கே உடைகிறது என்பார், நான் மாவு கரைத்துக்கொண்டே மறுப்பேன். நான் சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அந்தச் சந்தோஷத்தை முழுதாக அனுபவிக்க விடாமல் ஒரு நினைப்பு அரித்துக்கொண்டே இருந்தது. பட்டிமன்றம் முடிந்தபிறகு என்ன பேசுவோம்?

காணும் பொங்கல் அன்று, கார் நிறுத்துமிடத்தில் மேடை போட்டிருந்தார்கள். நான் சாப்பிட்டாயா பாட்டைச் சொல்லிக் கைதட்டல் வாங்கி உட்கார்ந்தேன். அடுத்து அவர் எழுந்தார். வீட்டில் மேடைத் தமிழில் ஒத்திகை பார்த்தவர், மைக் முன்னால் ஊர்ப் பேச்சிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"நடுவர் அவர்களே, எதிரணி சொன்னது நல்ல பாட்டுதான். அவன் சாப்ட்டியான்னு கேக்கறான், சரி. அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சு? பாட்டு முடியற வரைக்கும் அது வாயத் தொறக்கவே இல்ல. பழைய பாட்டுல அவன் ஒரு வரி கேட்டா அவ ஒரு வரி சொல்லுவா. அவ விட்ட வார்த்தையப் புடிச்சிக்கினு இவன் அடுத்த வரிய ஆரம்பிப்பான். நிலாவும் தாமரையும் பொய்யாவே இருக்கட்டும். ரெண்டு பேரும் பேசிக்கினு கீறாங்க இல்ல? அதான் கவித."

கூட்டம் விசிலடித்தது. பட்டிமன்ற வழக்கப்படி அவர் நடுவரைப் பார்த்துத்தான் பேசினார், என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டில் பேச்சு நின்றுபோனது எனக்கு மட்டும்தான் உறைத்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நடுவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இரண்டும் இரண்டு கண்கள் என்று தொடங்கி, எல்லோரையும் கொட்டாவி விடவைத்து, கடைசியில் 'அன்றே' என்று தீர்ப்புச் சொன்னார். ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் வேலைநாள். பஸ்ஸில் வழக்கத்தைவிடக் கூட்டம். வீட்டுக்கு வந்து தோசை வார்த்தேன். அவர் குளித்துவிட்டு வந்து போனோடு உட்கார்ந்தார்.

"சட்னி போதுமா?"

"போதும்."

அவ்வளவுதான். நான் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது, போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. முந்தின நாள் அவர் பேசி முடித்தபோதே, அவர் சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டுவிட்டது. அதை மறுத்துப் பேச என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

"ஏங்க, நேத்து நடுவர் சொன்னாரே, அந்தத் தீர்ப்பு தப்பு" என்றேன்.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எப்டி தப்பு? உக்காந்து சொல்லு" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.