வாயால ஊதின சிவப்பு

அண்ணை, சிரிக்காமல் கேளுங்கோ. ஆரும் பேய்க்கதை துவங்கினால் எழும்பிப் போற ஆள் நான். ஜெர்மனியில, பான் நகரத்து ஆய்வுகூடமொண்டில ஒன்பது வருசமா வேலை செய்யிறன், கல்லையும் மண்ணையும் மெஷினில வைச்சு உள்ளுக்கு என்ன கிடக்குதெண்டு பாக்கிறதுதான் என்ர சீவியம், எனக்கு ஆவி காட்ட ஏலாது.

அண்டைக்கு வந்தது ஒரு குகை ஓவியத்தின்ர சிவப்பு. அந்தக் காலத்துச் சனம் பாறையில கையை வைச்சு, கரைச்ச செம்மண்ணை வாயால மேல ஊதுவினமாம், கையை எடுத்தால் சுத்திவரச் சிவப்பு, நடுவில கையின்ர வடிவம். அதில சுரண்டின ஒரு துகள், எள்ளில பாதி வராது, கண்ணாடிக் குப்பிக்குள்ள முத்திரை வைச்சு மூடிக் கிடந்தது. நல்ல பகல், மேசையில வெயில். இடக்கையை வெள்ளைத் தாளில ஊன்றிக்கொண்டு குப்பி இலக்கத்தைக் கம்ப்யூட்டரில பதியிறன், காதுக்குப் பக்கத்தில ஆரோ வாய் நிறைய எடுத்து ஊதின சத்தம். திரும்பினால் ஒருத்தரும் இல்லை. கையை எடுத்தன். தாளெல்லாம் ஈரச் சிவப்பு, நடுவில என்ர கை வெள்ளையா. பக்கத்தில இன்னொரு கை, என்ரயைவிடச் சின்னன்.

எனக்கு மேல இருக்கிற டொக்டர் ஒரு ஜெர்மன் மனிசி. நான்தான் துகளைக் கரைச்சு விளையாடினதெண்டு முடிவெடுத்து, என்ர பிழையால பழுதாப்போச்செண்டு எழுதி, கையெழுத்து வைக்கச் சொல்லி நீட்டினா. அந்தக் கிழமைதான் என்ர ஃபெர்ட்ராகை, அதுதான் வேலை ஒப்பந்தத்தை, நீட்டுறதோ இல்லையோ எண்டு முடிவாகும். ஆனாலும் சொன்னன்:

"செய்யாததுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன். குப்பியை நிறுத்துப் பாருங்கோ."

நிறுத்தா. முத்திரை உடையேல்லை, நிறை குறையேல்லை. தாளில இருந்ததை மெஷினில வைச்சம், குப்பியில இருக்கிற அதே செம்மண், அதே கலவை. மனிசி ரெண்டாந்தரமும் மெஷினில வைச்சுப் பாத்தா. பிறகு, தாளை எறிஞ்சுபோட்டு மறப்பம் எண்டா.

"காரணம் தெரியாதெண்டு எழுதுங்கோ, அதுக்குக் கீழ கையெழுத்து வைக்கிறன்" எண்டன். அப்பிடியே எழுதினா. வேலையும் போகேல்லை, தாளும் அலுமாரியில கிடக்குது.

நீங்கள் நம்பாட்டி விடுங்கோ, எனக்கொரு நட்டமும் இல்லை. ஒண்டை மட்டும் அவவுக்கும் நான் சொல்லேல்லை. அண்டைக்குக் கையுறை போட்டிருந்தனான், அதில ஒரு பொட்டுச் சிவப்பும் படேல்லை. கழட்டிப் பாத்தால், உள்ளுக்கு என்ர புறங்கையெல்லாம் சிவப்பு, ஈரமா, இளஞ்சூடா.