வெள்ளிக்கோளின் கந்தகமும் கும்மிடிப்பூண்டிக் காற்றும்

ஞாயிறு, காலை 6.40. திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டிக்கு பேசின் பிரிட்ஜில் இறங்கி மாற வேண்டும். மொத்தம் எண்பது கிலோமீட்டருக்கு மேல். பையில் இரண்டு தாள்கள். ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நான் எழுதிய புகார் மனுவின் நகல். மற்றது, நேற்று வந்த பதில். என் தங்கை கஸ்தூரி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிக் குடியிருக்கிறாள். மூன்று வருடமாக மூச்சிரைப்பு. அவளுக்காக எழுதிய மனு அது.

நான் இயற்பியல் வாத்தியார். பாழாய்ப்போன வெள்ளிக்கோள் பித்து எனக்கு. அங்கே மேகமே கந்தக அமிலம்தான். மேலே கந்தக வாயு சில வருடம் ஏறும், சில வருடம் இறங்கும். கீழே எரிமலை கக்குகிறதா, அல்லது காற்றோட்டம் மாறி அடியில் கிடப்பதை மேலே தூக்குகிறதா? எரிமலையாக இருக்கலாம் என்கிறார்கள், அடித்துச் சொல்வதில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்பவன் விஞ்ஞானியே இல்லை என்று வகுப்பில் நானும் அளந்திருக்கிறேன்.

8.50, கும்மிடிப்பூண்டி. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். தங்கச்சி வீட்டுத் தெருவைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு காத்து அந்தப் பக்கம்தான் சார் அடிக்குது. கர்சீப் இருந்தா கட்டிக்க."

கஸ்தூரி வாசலில் ஈரத்துணி பக்கெட்டோடு நின்று, உருக்காலைப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காமல் அந்தத் தெருவில் யாரும் கொடியில் துணி போட மாட்டார்கள். எங்கள் பக்கம்தான் சாய்ந்தது. பக்கெட்டை உள்ளே தூக்கி வைத்தாள். அதற்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"பதில் வந்துதாமே, இன்னா போட்டுக்கிறாங்க?"

படித்துக் காட்டினேன். மனுதாரரே காரணத்தை உறுதியாகச் சொல்லாததால் மனு முடித்து வைக்கப்படுகிறது.

"நீ இன்னாண்ணா எழுதின?"

"புகை காரணமா இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம்னு எழுதினேன்."

வெள்ளிக்கோள் கதையையும் சொன்னேன். விஞ்ஞானிகளைப் போல யோக்கியமாக எழுதியதாக நினைத்தேன் என்றேன். என் யோக்கியத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

அவள் திட்டவில்லை. இன்ஹேலரை உறிஞ்சினாள்.

"அங்க யாரும் குடியில்லியேண்ணா. எத்தினி வருஷம் வேணா யோசிச்சிக்கினு இருக்கலாம்."

திருவள்ளூர் மணவாள நகரில் என் வீட்டுக்கே வந்துவிடு என்றேன்.

"அவருக்கு வேலை இங்கதான். இந்த ஊட்ட யாரு வாங்குவா? பேஜாரு பண்ணாத, நாஷ்டா துன்னுட்டு போ."

இட்லி வைத்தாள். பாதியில் கை கழுவினேன்.

மதிய வண்டியில் புது மனு எழுத உட்கார்ந்தேன். 'இந்தப் புகையால்தான்' என்று ஆரம்பித்தேன். எந்தப் புகைபோக்கி, என்ன வாயு என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. கண்டுபிடிக்கும் கருவியும் என்னிடம் இல்லை. இரண்டு வரியோடு பேனாவை மூடினேன்.

மாலை 4.10, திருவள்ளூர். மணவாள நகர் வரை நடந்தே போனேன். வழியெல்லாம் மூச்சு தாராளமாக வந்தது. வெட்கமாக இருந்தது.