கண்ணாடி பீரோவும் ஒரு பனிக்காலக் கதையும்

போன வருடம் சித்திரை வெயிலில், நாகர்கோவிலுக்குப் பக்கத்திலுள்ள ஒரு பழைய கல்லூரியின் நூலகத்தில் தொடங்கியது இது. இப்போது எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள் நான். அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ என்ற பழங்குடி மக்களின் கதைகள்தான் என் ஆய்வு. கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரே, "ஏட்டி, பேச்சிப்பாறைக்கு மேல நம்ம காணிக்காரங்க இருக்காங்க, அவங்களும் பழங்குடிதான். ஒனக்கு அமெரிக்காதான் கெடச்சுதாக்கும்" என்றார்.

ஆனி மாதம் முடிவதற்குள் ஒரு அத்தியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து, ஐந்து வருட உழைப்பு போச்சு. நரிக்கும் ஓநாய்க்கும் நடுவான ஒரு பிராணி பண்ணும் சேட்டைகளைச் சொல்லும் கதை அந்த அத்தியாயத்துக்கு வேண்டும். இணையத்தில் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. மாவட்டத்திலுள்ள நூலகப் படிகளையெல்லாம் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் இந்தக் கல்லூரியின் பட்டியலில் முழுத் தொகுப்பின் பெயரைக் கண்டதும் வடசேரிக்கு ஓடிப்போய் பஸ் பிடித்தேன்.

புத்தகம் இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள் இருந்தது. அமெரிக்காவில் குடியேறிவிட்ட பழைய மாணவர் ஒருவர் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை அனுப்பியிருக்கிறார். அதற்கு விழா எடுத்து, ரிப்பன் வெட்டி, பொன்னாடை போர்த்தி, பீரோவைப் பூட்டி, சாவியைத் தாளாளர் கையோடு கொண்டுபோய்விட்டார். அதன் பிறகு அது திறக்கப்படவே இல்லை. தாளாளர் அப்போது துபாயில் மகன் வீட்டில் இருந்தார்.

"எடுக்கப்பிடாது டீச்சர். காலேஜப் பாத்து மார்க் போடுத ஆய்வுக் குழு வரும்போ பீரோ நெறஞ்சு இருக்கணும்லா. கண்ணாடி வழியா நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றார் நூலக உதவியாளர். கேலி செய்யவில்லை, உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அட்டையைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டையே தொட விடவில்லை!

ஐந்து தடவை போனேன். கல்லூரி முதல்வருக்கு மனு எழுதினேன். "தாளாளர் வரட்டும்" என்ற இரண்டு வார்த்தைதான் பதில். சவம், படிக்கக் கொடுக்காத புத்தகத்துக்கு எதற்கு நூலகம் என்று பஸ்ஸில் தனியாகப் பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்த ஆத்திரத்தில்தான் நவஹோ மக்களின் ஊரிலேயே இருக்கும் ஒரு நூலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாம் நாளே பதில் வந்தது. எழுதிய நூலகர் அந்த மக்களில் ஒருவர். நான் கேட்காத கட்டுரைகளைக்கூடப் படியெடுத்து அனுப்பியிருந்தார். நான் கேட்ட கதையை மட்டும் அனுப்பவில்லை. அதை வெண்பனி கொட்டும் பனிக்காலத்தில் மட்டும்தான் சொல்வது வழக்கம், முதல் பனி விழுந்ததும் அனுப்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! இங்கே சாவி இல்லை என்கிறான், அங்கே பனி இல்லை என்கிறார்கள். எங்கள் ஊரில் வெண்பனி விழுவதே கிடையாது, நான் எப்போது படிப்பது? அறிவுக்குப் பூட்டுப் போட உங்களுக்கு என்ன உரிமை, நீங்களும் எங்கள் கல்லூரிக்காரர்கள் மாதிரிதான் என்று பொரிந்து தள்ளி அனுப்பிவிட்டேன். அந்தக் கடிதத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. எங்களிடம் கேட்காமலே எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போய் அச்சடித்துவிட்டார்கள், நீங்கள் கேட்டீர்கள், அதனால்தான் உங்களிடம் பொறுக்கச் சொல்ல முடிகிறது என்று எழுதினார். கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் நேரம் பார்த்துச் சொல்லும் கதை எதுவும் இல்லையா?

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குலதெய்வத்தின் கதையைக் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். சின்ன வயதில் அதை அடுக்களையில் முணுமுணுத்ததற்கு, "கொடையில பாடுத கதைய வீட்டுல பாடப்பிடாதுட்டி" என்று அம்மா அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அறிவுக்குப் பூட்டுப் போடுகிறாய் என்று அம்மாவிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பாட்டை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

ஆனி பிறந்ததும் தாளாளர் ஊர் திரும்பினார். முதல்வர் அறை வாசலிலேயே நின்று சண்டை போட்டுப் புத்தகத்தை வாங்கினேன். தேதி முத்திரை குத்தும் தாள் வெள்ளையாக இருந்தது. முதல் முத்திரை என்னுடையது. அந்தக் கதை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று பொருளடக்கத்தில் பார்த்தேன். விரல் அந்தப் பக்கம் வரை போனது. திருப்பவில்லை. மற்றதையெல்லாம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

என் நெறியாளர் தலையில் அடித்துக்கொண்டார். அவரிடமும் பல்கலைக்கழகத்திலும் கெஞ்சிக் கூத்தாடி ஆறு மாதம் நீட்டிப்பு வாங்கினேன். கிடைக்காமல் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கார்த்திகையில், இங்கே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அந்தக் கதை வந்தது. மேலே ஒரே வரி: இன்று எங்களுக்குப் பனி விழுந்தது.

போன வாரம் அந்தக் கல்லூரிக்குப் போயிருந்தேன். பீரோவில் மறுபடியும் பூட்டு, சாவி மறுபடியும் தாளாளரிடம். பூட்டைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் கத்துவதற்கு முன்னால், உள்ளே இருப்பது யாருடையது, பூட்டியது யார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.