அக்காவுக்குப் போன மல்லிப் பெட்டி

ஏழு வயதில் எனக்கு இந்த உலகத்திலேயே ஆகாத ஆள் எங்கள் ஊர்த் தபால்காரர்தான். பாவம், அந்த மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. போகிற போக்கில் இலந்தைப்பழம் கூடக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் அந்த வருஷம் அவருடைய சைக்கிள் மணி கேட்டால் போதும், ஓடிப்போய்ச் செம்பருத்திப் புதருக்குப் பின்னால் குந்திக்கொள்வேன். அவர் தாண்டிப் போன பிறகும் வெளியே வரமாட்டேன்.

பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியில் ஆற்றை ஒட்டி எங்கள் தோட்டம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைச் சங்கு எதுவும் கேட்காத காலம் அது. என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் செடி வியாபாரி. கூடையில் வைத்துக் கூவி விற்கிறவர் இல்லை, தபாலில் விற்கிறவர். பெங்களூரு, நீலகிரி என்று எங்கெங்கோ இருந்து பங்களாக்காரர்கள் கார்டு போட்டு ரோஜாவும் குரோட்டன்ஸும் கேட்பார்கள். நைனா செடியைப் பெட்டிக்குள் கட்டி அனுப்புவார். செடியைப் போய் எவனாவது தபாலில் அனுப்புவானா என்று சிரித்தவர்கள் ஊரில் உண்டு. அவர்கள் வீட்டு வாசலில் பூத்ததும் எங்கள் தோட்டத்து ரோஜாதான்.

பெட்டி கட்டுவதில் நைனாவுக்கு ஒரே சட்டம்தான். வேர் ஈரமாக இருக்க வேண்டும், இலை காய்ந்திருக்க வேண்டும். வேரை மண்ணோடு பெயர்த்து, நனைத்துப் பிழிந்த தேங்காய் நாரைச் சுற்றி, அதன்மேல் வாழைப்பட்டையை வைத்து இறுக்கிக் கட்டுவார். இலைகளில் பாதியைக் கிள்ளிவிடுவார். செடி அசையாதபடி சுற்றிலும் வைக்கோல் திணித்து, காற்றுப் போக ஓட்டை போட்ட மரப்பெட்டியில் இறக்கி, மேலே கோணியைப் போட்டுத் தைத்துவிடுவார். தையல் முடிகிற இடத்தில் அரக்கு வைப்பார்.

ஒரு தடவை நைனா காய்ச்சலில் படுத்திருந்தபோது சித்தப்பா ஒரு பெட்டி கட்டினார். இரக்க மனசு அவருக்கு. வழியெல்லாம் தாகமெடுக்குமே என்று இலைமேலேயே ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்துத் தைத்துவிட்டார். அந்தப் பெட்டி நீலகிரிக்குப் போய்த் திரும்பி வந்தது. பிரிக்கும்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். உள்ளே ரோஜா என்று ஒன்றும் இல்லை. கறுப்பாகக் கூழ் மாதிரி ஏதோ இருந்தது. எலி செத்த நாற்றம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பி வருகிற பெட்டிக்குள் பிணம்தான் இருக்கும் என்று அன்றைக்கு என் மனசில் பதிந்துவிட்டது.

அதற்கு முந்தின தையில்தான் அக்காவைக் கோலார் தங்கவயலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆடிக்கு வந்தாள். கலகலவென்று பேசுகிறவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கிணற்றடியில் குளிக்கும்போது பார்த்தேன், கையில் தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. கஞ்சி வடிக்கும்போது பட்டுவிட்டதாம். முதுகிலும் அதே மாதிரி இருந்தது. கஞ்சி முதுகிலும் படுமா என்று கேட்டேன். அம்மா என்னை விறகு எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆடி முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதாசி இல்லை. நைனா ஒரு நடை போய்ப் பார்த்தார். உறவுக்காரர்களோடு கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று வாசலிலேயே நிற்கவைத்துச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். திரும்பி வந்தவர் அன்று பூராவும் களை பிடுங்கினார். களை இல்லாத பாத்தியிலும் பிடுங்கினார்.

செடி அனுப்பும் யோசனை அம்மாவுடையது. கிணற்றடியில் அக்கா வைத்து வளர்த்த மல்லிக்கொடி ஒன்று இருந்தது. அதில் பதியன் போட்டு வேர் விட்ட கன்றை அனுப்பலாம் என்றாள்.

"நம்ம மல்லியப் பார்த்தா அவளுக்கு ஒரு தெம்பு வரும். செடிய வாணாம்னு யாரு சொல்லப் போறாங்க."

நைனா அந்தப் பெட்டியைக் கட்டியதுபோல வேறெதையும் கட்டி நான் பார்த்ததில்லை. நாரைத் திரும்பத் திரும்பப் பிழிந்தார். ஒவ்வொரு இலையாகத் துடைத்தார். செடியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கோணியின்மேல் மையால் விலாசம் எழுத உட்கார்ந்தபோது, மாப்பிள்ளை பேர் எழுதுகிற இடத்தில் அக்காவின் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். அந்தக் காலத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணின் பேருக்கு நேராக யாரும் எதையும் அனுப்பமாட்டார்கள்.

"மாப்ள பேரு போட வாணாமா? அவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றாள் அம்மா.

"செடி அவளுக்கு. அவ பேருதான் போடுவேன்" என்றார் நைனா.

அம்மா பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல, "இது பொழச்சிக்கினா அவளும் பொழச்சிக்குவா" என்றாள்.

பெரியவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கேட்ட பிள்ளைதான் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறது. செடி செத்தால் அக்கா செத்துப்போவாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. செடியைப் பிடித்திருந்தபோது என் உள்ளங்கை வேர்த்திருந்தது. அந்த ஈரம் இலையில் பட்டிருக்குமோ? பட்ட இலை அழுகினால் பக்கத்து இலையும் அழுகுமே? யாரிடம் கேட்பது? வாய்விட்டுக் கேட்டாலே அது பலித்துவிடும் போல இருந்தது.

பெட்டி போன பிறகு காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கிணற்றடிக்கு ஓடுவேன். தாய்க்கொடியில் ஓர் இலை பழுத்திருந்தாலும் அம்மா கண்ணில் படாமல் கிள்ளி மண்ணில் புதைத்துவிடுவேன். மல்லியில் இலை பழுப்பது சாதாரணம் என்று தோட்டக்காரன் பெண்ணான எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம், பயம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வருகிறது?

ஒரு நாள் சைக்கிள் மணி எங்கள் வேலிப் படலருகே நின்றது. புதர் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பின்னால் எங்கள் பெட்டி கட்டியிருந்தது.

"அண்ணாத்தே, தங்கவயலுக்குப் போன பொட்டி. வாணாம்னு திருப்பிட்டாங்க" என்றார் தபால்காரர். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

நைனா பெட்டியைத் தரையில் வைத்துக் கத்தியை எடுத்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

"பிரிக்காத நைனா, பிரிக்காத. அக்கா செத்துப்பூடும்."

அவர் என்னை ஒரு கையால் விலக்கினார். தையல் அறுபட்டது. மூடி திறந்தது. நாற்றம் வருமென்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். வரவில்லை. நார் வாசமும் ஈரமண் வாசமும்தான் வந்தன. எட்டிப் பார்த்தேன். இலைகள் அப்படியே இருந்தன. நுனியில் ஒரு தளிர், வெயில் படாததால் வெளுத்துப்போய், ஓட்டைப் பக்கமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? "பொழச்சிக்கிச்சு, பொழச்சிக்கிச்சு" என்று கத்திக்கொண்டே தோட்டத்தைச் சுற்றி ஓடினேன். ரோஜா முள் கீறியதுகூடத் தெரியவில்லை. ஓடி முடித்து வந்து பார்த்தால் அம்மா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். நைனா செடியைப் பார்க்கவே இல்லை. அறுத்த கோணியைக் கையில் வைத்து, தான் போட்ட தையலையும் உடையாத அரக்கையும் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எவனும் பிரிக்கவேயில்ல" என்றார்.

"அவ கண்ணுல காட்டவேயில்லயா?" என்று கேட்டாள் அம்மா.

நைனா எழுந்து சட்டையை மாட்டினார். சாப்பிட்டுப் போங்களேன் என்று அம்மா சொன்னதற்கு, தங்கவயலுக்கு இப்போது வண்டியைப் பிடித்தால்தான் ஆகும் என்று பொன்னேரி ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். சித்தப்பாவும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார். அன்று அந்த வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். நல்ல செய்தி வந்த நேரத்தில் இவர்களெல்லாம் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

சில நாள் கழித்து மாட்டுவண்டியில் நைனாவோடு அக்கா வந்து இறங்கினாள். கையில் ஒரு மூட்டைகூட இல்லை. நைனாவின் துண்டைப் போர்த்தியிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அம்மா கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. தொட்டியில் நட்டு வைத்திருந்த மல்லிக்கன்றைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினேன்.

"பார்த்தியா, சாவல. அவ்ளோ தூரம் போய் வந்தும் சாவல."

அக்கா செடியைப் பார்த்தாள், பிறகு நைனாவைப் பார்த்தாள்.

"எனக்கா அனுப்பிச்சீங்க?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாதே நைனா. உன்ன உங்க ஊட்ல தலை முழுகிட்டாங்க, ஒரு கடுதாசி உண்டா பாருன்னு அங்க தினம் சொல்லிக்கினு இருந்தாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

நைனா உள்ளே போய் அந்தக் கோணியை எடுத்துவந்து கொடுத்தார். அவள் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது, வழியில் எங்கேயோ மழை பட்டு ஓரத்தில் மட்டும் மை கரைந்திருந்தது. அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். இவ்வளவு பயந்து, இவ்வளவு பாடுபட்டுப் பிழைத்து வந்த செடியை அவள் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கோணியை மட்டும் நாலாக மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாள். தலைகாணி இருக்கிறதே, இது குத்துமே என்று சொன்னேன். குத்தாது என்றாள். பூக்கிற செடியை விட்டுவிட்டு அழுக்குக் கோணியை எதற்கு வைத்துக்கொள்கிறாள் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.