பின்சக்கரம் ஏறும் முனை

பதினொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டிவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் நகரமைப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்தவளை வகுப்பில் எல்லோரும் ‘டிரைவர் அக்கா’ என்றார்கள். காலையில் கல்லூரி, மாலை ஷிப்டில் ஸ்டியரிங்.

“பஸ் ஓட்டினது பத்தலையாம், ஊரையே ஓட்டப் போறாங்க எங்க வீட்டம்மா” என்று கணவர் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார். சிரித்தபடியே சமையலறையை அவர்தான் கட்டி மேய்த்தார்.

இறுதியாண்டுத் திட்டம், பள்ளிக்கூடத் தெருமுனையைத் திருத்தி அந்த வழியே பேருந்தைத் திருப்பிவிடுவது. தேறாவிட்டால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். பேராசிரியர் கொடுத்த படத்தில் முனை வளைவின் ஆரம் நான்கே மீட்டர். பார்த்ததும் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

“சார், இங்க பஸ் திரும்பாது.”

“முன்சக்கரம் அழகாத் திரும்புதேம்மா.”

“முன்சக்கரம் திரும்பும் சார். பின்சக்கரம் உள்ள வாங்கி நடைபாதை மேல ஏறும். பிள்ளைங்க நிக்கிறது அங்கதான்.”

“அனுபவம் வேற, படிப்பு வேற. படத்துல இருக்கிறபடி வரைங்க.”

அவர் நகர்ந்ததும் பக்கத்து மேஜைக்காரன் குனிந்தான். “வம்பு எதுக்கு அக்கா? நெசமாவா ரோடு போடப் போறாங்க?”

“காகிதத்துல ஏத்திப் பழகினவன் ரோட்டுலயும் ஏத்துவான்டா.”

மதிப்பீட்டு நாளில் மூன்று தேர்வாளர்கள் முன்னால் இரண்டு தாள்களை விரித்தாள். ஒன்றில் பேருந்து முனையில் திரும்பாமல் பெரிய சாலையிலேயே போனது. நிறுத்தம் மட்டும் எண்பது அடி தள்ளி வந்திருந்தது. மற்றது பேராசிரியரின் படம். முனையில் மட்டும் கோடு இல்லை.

“இதை முடிக்கலையே?” என்றார் பேராசிரியர்.

“பஸ் இங்க திரும்பும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். இந்த நிமிஷமே கோட்டைப் போட்டுடறேன்.”

அவர் பேனா மூடியைக் கழற்றினார். முனையைப் பார்த்தார். தேர்வாளர்கள் அவரைப் பார்த்தார்கள். மூடியைத் திரும்ப மாட்டினார்.

“அப்ப நானும் கோடு போட மாட்டேன் சார்” என்றாள்.

முடிவுப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘தேறவில்லை’ என்றிருந்தது.

மறுவருடப் பதிவுக்குப் போனபோது அலுவலகத்து அம்மாள் படிவத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். “மறுபடியும் அதே முனையா? சுலபமா வேற எடம் எடுத்துக்கக் கூடாதா?”

“அவர் படத்துல அந்த முனை இன்னும் அப்படியேதானே இருக்கு. முத்திரையைக் குத்துங்கம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு.”