பதினெட்டோடு நிறுத்தியவர்

நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் தலைமைக் கிளாக்கராக இருந்தபோது, கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் இருந்தார். ஒடிசலான உடம்பு, கறை ஏறிக் கறுத்த விரல்கள். நாளுக்குப் பதினெட்டு கிலோ என்ற இலக்கை இரண்டு மணிக்கே முடித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்துவிடுவார். விரல்கள் மட்டும் மடியில் வெறுங்காற்றைக் கிள்ளிக்கொண்டிருக்கும்.

இலக்கை நான் குறைசொல்ல மாட்டேன். கங்காணி முகம் பார்த்துக் கூலி போடும் வழக்கம் அதனால்தான் ஒழிந்தது.

“இன்னும் நேரம் இருக்கே, பறிச்சா என்ன?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நல்லா கேட்டீங்க! நான் இருபது பறிச்சா, நாளைக்கு எல்லாருக்கும் இருபதுன்னு போட்டுருவீங்க ஐயா. பக்கத்து நெரைக்காரி புள்ளத்தாச்சி. பதினெட்டுக்கே அவளுக்கு மூச்சு வாங்குது.”

கண்டதை எழுதுவது என் வேலை. ‘இரண்டு மணிக்கே முடிகிறது, உயர்த்தலாம்’ என்று அறிக்கை எழுதினேன். தோட்டத்து துரை கையெழுத்திட்டார்.

மறுவாரம் இலக்கு இருபது. அந்தக் கர்ப்பிணியின் கொழுந்து தராசில் பதினெட்டிலேயே நின்றது. அரைநாள் கூலிதான் என்று பதிந்தேன்.

அவளுக்குப் பின்னால் நின்ற, அன்று பாறையில் உட்கார்ந்திருந்தவர் தராசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“நான்தாங்க வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்” என்றார்.

அறிக்கையைத் திரும்பப் பெறவும் ஒரு நடைமுறை உண்டு. அன்றும் எனக்கு அது தெரியும்.